ஏகாதிபத்தியத்தின் காரணங்களை எப்படிப் படிப்பது? காங்கோவிலிருந்து தொடங்குவோம்

ஐரோப்பிய ஏகாதிபத்தியத்துக்கான காரணங்களைப் பாடப்புத்தகங்கள் ஒரு பட்டியலாகத் தரும்: மூலப்பொருள், சந்தை, தேசப் பெருமை, மதப் பரப்பல், வல்லரசுகளின் போட்டி. தேர்வுக்கு அது போதும். ஆனால் ஆப்பிரிக்காவின் நடுக்காட்டில் ஒரு கிராமத்தைச் சிப்பாய்கள் ஏன் கொளுத்தினார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை கிடைக்காது. யார் ஆசைப்பட்டார்கள், அந்த ஆசை நிறைவேறும் காலம் எப்போது வந்தது, யார் பணம் போட்டார்கள், இலாபம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு காரணத்தையும் குடைந்து கேட்க வேண்டும். வரலாற்றைப் புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்காக அந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டு, காங்கோ.

ஒரு நோட்டுப் புத்தகமும், 1880, 1914 ஆகிய ஆண்டுகளின் ஆப்பிரிக்க வரைபடங்களும் இருந்தால் போதும்.

படி 1: இரண்டு வரைபடங்களையும் அருகருகே வையுங்கள்

1880-இல் ஐரோப்பியர் கையில் இருந்தவை பெரும்பாலும் கண்டத்தின் விளிம்புகள்தாம்: வடக்கே அல்ஜீரியா, மேற்கே செனகல், தெற்கே கேப் காலனி, அங்கோலா மற்றும் மொசாம்பிக்கின் கரையோரங்கள். 1914 வரைபடத்தில் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தவிர ஏறக்குறைய எல்லாமே ஐரோப்பிய நிறங்களில் இருக்கும்.

போர்ச்சுக்கீசியர் காங்கோ ஆற்றின் முகத்துவாரத்தை 1480-களிலேயே அடைந்துவிட்டார்கள். நானூறு ஆண்டுகள் கரையிலேயே நின்றவர்கள் அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் கண்டத்தையே எப்படி விழுங்கினார்கள்? நோட்டின் முதல் வரியாக இதை எழுதிவையுங்கள். நீங்கள் படிக்கும் எந்தக் காரணமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "பேராசை" என்பது மட்டும் பதிலாகாது. பேராசை 1500-லும் இருந்தது.

படி 2: ஆசையையும் கருவியையும் தனித்தனியே எழுதுங்கள்

பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், ஏன் வர விரும்பினார்கள். வலப்பக்கம், எதைக் கொண்டு வர முடிந்தது. தொடக்கநிலையில் படிப்பவர்கள் பெரும்பாலும் வலப்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஐரோப்பியரை உள்நாட்டுக்குள் நுழையவிடாமல் தடுத்த முதல் காவல் மலேரியா. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொயினாவை முன்கூட்டியே உட்கொள்ளும் பழக்கம் பரவியபோது அந்தக் காவல் தளர்ந்தது. ஆற்றை எதிர்த்துச் செல்ல நீராவிப் படகுகள் வந்தன. பின்புறத்தில் தோட்டா இட்டு வேகமாகச் சுடும் துப்பாக்கிகள் வந்தன. 1884-இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியும் வந்தது.

காங்கோ ஆற்றில் இன்னொரு தடையும் உண்டு. கடலிலிருந்து ஏறினால் மத்தாடி துறைமுகத்துக்கு மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அருவிகளும் பாறைகளும். அதனால் நீராவிப் படகுகளைத் துண்டு துண்டாகக் கழற்றி, சுமைகூலிகளின் தலையில் ஏற்றி மேலே கொண்டுபோனார்கள். அந்தத் தூரத்துக்கான ரயில்பாதை 1890-இல் தொடங்கி 1898-இல் முடிந்தது. அதைப் போட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வலப்பக்கத்தில் "ரயில்" என்று எழுதும்போது அவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 3: ஆசைப்பட்டவரின் பெயரை எழுதுங்கள்

"பெல்ஜியம் காங்கோவைப் பிடித்தது" என்று எழுதாதீர்கள். 1885-இல் பிடித்தவர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட், அதுவும் தனிமனிதராக. அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குக் காலனியில் ஆர்வம் இல்லை.

லியோபோல்டின் ஆசை காங்கோவைப் பற்றிக் கேள்விப்படும் முன்பே பிறந்தது. இளவரசராக இருந்தபோது செவில் நகரின் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, ஸ்பெயின் தன் காலனிகளில் எவ்வளவு சம்பாதித்தது என்று பார்த்தார். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பயணம் செய்தார். ஜாவாவில் டச்சுக்காரர்கள் விவசாயிகளைக் கட்டாயப்படுத்திக் காப்பியும் கரும்பும் விளைவித்த முறை அவரைக் கவர்ந்தது. பிலிப்பைன்ஸை ஸ்பெயினிடமிருந்து பெற முயன்றார், நடக்கவில்லை. ஆய்வுப் பயணி ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி 1877-இல் காங்கோ ஆற்றின் போக்கைக் கண்டறிந்து கடலை அடைந்த பிறகுதான் லியோபோல்டின் பார்வை அங்கே திரும்பியது. முதலில் வந்தது காலனி வேண்டும் என்ற முடிவு, இடம் பிறகுதான் அமைந்தது.

படி 4: காகிதங்களைப் படியுங்கள்

1879 முதல் 1884 வரை லியோபோல்டுக்காக ஸ்டான்லியும் அவருடைய ஆட்களும் ஊர்த்தலைவர்களிடம் ஒப்பந்தங்களில் கைநாட்டு வாங்கினார்கள். 1884 ஏப்ரலில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தில் ங்கோம்பி, மஃபெலா ஊர்த்தலைவர்களுக்குக் கிடைத்தது மாதம் ஒரு துண்டுத் துணி. அவர்கள் கொடுத்ததாக எழுதப்பட்டிருப்பது, தங்கள் நிலத்தின் ஆட்சியுரிமை முழுவதும், என்றென்றைக்கும். வேலைக்கு ஆள் தருவதாகவும் அதில் இருக்கிறது. தாங்கள் படிக்க முடியாத மொழியில் எழுதிய தாளில் குறியிட்டவர்கள் எதற்கு இசைந்தார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

அடுத்த தாள் பெர்லினில் எழுதப்பட்டது. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் கூட்டிய மாநாட்டில் பதினான்கு நாடுகள் கலந்துகொண்டன. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அடிமை வணிகத்தை ஒழிப்போம், காங்கோப் படுகையில் எல்லோருக்கும் தடையற்ற வணிகம் என்று அங்கே உறுதியளித்தார்கள். இந்த இரண்டு வாக்குறுதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

படி 5: சரக்குக் கணக்கைப் பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். லிவர்பூல் கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த எட்மண்ட் டெனி மோரல் இந்த வழியில்தான் உண்மையைக் கண்டார். அவர் காங்கோவுக்குப் போகவே இல்லை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் காங்கோவிலிருந்து வந்த கப்பல்கள் ரப்பரையும் தந்தத்தையும் இறக்கின. திரும்பிப் போன கப்பல்களில் பெரும்பாலும் துப்பாக்கிகளும் தோட்டாக்களும். அவ்வளவு ரப்பருக்கு ஈடான விற்பனைச் சரக்கு அவற்றில் இல்லை. தடையற்ற வணிகம் நடந்தால் பண்டத்துக்குப் பண்டம் போக வேண்டும். போகவில்லையென்றால் ரப்பரைச் சேகரிப்பவர்களுக்குக் கூலி இல்லை என்று பொருள். அது அடிமை உழைப்பு.

தொடக்கத்தில் இலாபம் தந்தத்தில்தான் இருந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார், சைக்கிள் பெருகியது, ரப்பரின் தேவை எகிறியது. காங்கோக் காட்டில் ரப்பர் தானாக வளரும் கொடிகளில் கிடைத்தது. நடவுக்கும் பராமரிப்புக்கும் செலவில்லை, ஆட்கள் மட்டும் வேண்டும். அதே காலத்தில் ஆசியாவில் ரப்பர் மரங்களை நடத் தொடங்கியிருந்தார்கள். மலாயாவின் அந்தத் தோட்டங்களுக்குத்தான் நம் ஊர்களிலிருந்து கூலிகளாகக் கப்பலேறினார்கள். அந்த மரங்கள் பால் தரும்வரைதான் காட்டு ரப்பருக்கு நல்ல விலை. அதற்குள் கறந்துவிட வேண்டும் என்ற பதற்றம் காங்கோவில் வன்முறையாக இறங்கியது.

"ஆளில்லாத நிலம்" எல்லாம் லியோபோல்டின் காங்கோ அரசுக்குச் சொந்தம் என்று ஆணையிட்டார்கள். காடும் அதில் விளைவதும் மன்னருடையதாயின. கிராமத்துக்கு இவ்வளவு கிலோ என்று அளவு விதித்தார்கள். ஆண்கள் காட்டிலிருந்து திரும்பும்வரை பெண்களைப் பிணையாக அடைத்துவைத்தார்கள். அளவு குறைந்தால் அரசின் படை ஊருக்குள் புகுந்தது. தோட்டாவை வேட்டைக்கு வீணாக்கவில்லை என்று காட்ட, சுட்டுக் கொன்ற ஒவ்வொருவரின் வலக்கையையும் சிப்பாய்கள் வெட்டிக் கொண்டுவர வேண்டும் என்ற வழக்கம் உருவானது. வேட்டையில் தோட்டா செலவானால், கணக்கைச் சரிக்கட்ட உயிரோடிருந்தவர்களின் கைகளும் வெட்டப்பட்டன. 1904-இல் மிஷனரி ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த படம் ஒன்று உண்டு. ன்சாலா என்ற தந்தை தன் சிறு மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இதைக் கொடியவர்கள் சிலரின் வெறி என்று சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்கேடு கேட்டது, கை வந்தது.

படி 6: எதிர்ப்பை வரிசையில் சேருங்கள்

கறுப்பின அமெரிக்கரான ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் 1890-லேயே மன்னருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1895-இல் காங்கோ அரசுப் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய்களே காங்கோவின் லுலுவாபர்க்கில் கலகம் செய்தார்கள். பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் நேரில் விசாரித்து எழுதிய அறிக்கை 1904-இல் வெளிவந்தது. 1908-இல் மன்னரிடமிருந்து பெல்ஜிய அரசு காங்கோவை எடுத்துக்கொண்டது. காங்கோ விடுதலை பெற்றது 1960 ஜூன் 30-இல்தான்.

படி 7: வேறோர் இடத்தில் சோதித்துப் பாருங்கள்

எகிப்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869. கடனில் மூழ்கிய எகிப்தின் ஆட்சியாளர் தன் கால்வாய்ப் பங்குகளை 1875-இல் பிரிட்டனுக்கு விற்றார். அடுத்த ஆண்டே நாட்டின் வரவுசெலவைப் பிரிட்டனும் பிரான்சும் கண்காணிக்கத் தொடங்கின. படை அதிகாரி உராபியின் தலைமையில் எதிர்ப்பு கிளம்பியது. 1882-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கின, பின்னர் படை இறங்கியது. மேலே சொன்ன ஆறு படிகளையும் இதில் செய்யுங்கள். ஐந்தாவது படியில் மட்டும் ரப்பர் மூட்டைக்குப் பதிலாகக் கடன் பத்திரங்களைத் தேடுங்கள்: அவை லண்டனிலும் பாரிஸிலும் யார் கையில் இருந்தன, வட்டி எந்த வரியிலிருந்து போனது என்று.