கூந்தன்குளத்தில் பருவம் பார்த்துப் பறவை பார்ப்பது எப்படி?

பறவை பார்க்கத் தொடங்கியதும் ஊர் ஊராக அலைய வேண்டாம். ஒரே குளத்துக்கு வெவ்வேறு மாதங்களில் போங்கள். அதற்குத் தோதான இடம், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டாரத்தில் உள்ள கூந்தன்குளம் சரணாலயம்.

படி 1: தண்ணீரை விசாரியுங்கள். வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் வந்தால்தான் குளம் பெருகும். குளம் வறண்டிருந்தால் ஜனவரியில் போனாலும் ஏமாற்றம்தான். வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 2: பைனாகுலர் வாங்குங்கள். 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலமுள்ள கருவி. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். கேமராவுக்கு அவசரமில்லை, படம் எடுக்கும் மும்முரத்தில் பறவையைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் ஏராளம்.

படி 3: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, விடியற்காலையில் கரையில் நில்லுங்கள். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைத் தேடுங்கள். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுக் காலையில் குளத்துக்குத் திரும்பும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

படி 4: குஞ்சுகள் பொரித்தபின் ஊருக்குள் நடங்கள். என்னைக் கேட்டால் கூந்தன்குளத்தின் சிறப்பே இதுதான். வீட்டோர வேம்பிலும் புளியிலும் சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருக்கும். ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் பாருங்கள். வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ வெயிலுக்கு முதுகைக் கொடுத்துச் சிறகை விரிக்கும். அந்த நிழலுக்குள் குஞ்சுகள் ஒடுங்கும். சில சமயம் அலகில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகளின் மேல் சொரியும். வளர்ந்த நாரைக்கு மஞ்சள் அலகு, மார்பில் கறுப்புப் பட்டை, வால்பக்கம் இளஞ்சிவப்பு. குஞ்சுக்கு இந்த வண்ணம் எதுவும் இராது. வேறு இனமென்று குறித்துவிடாதீர்கள்.

தொப்பி கட்டாயம், காரணத்தை மரத்தடியில் நின்றால் தெரிந்துகொள்வீர்கள். கைதட்டிப் பறக்க வைக்காதீர்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியைத் தவிர்க்கும் ஊர் இது. கீழே விழுந்த குஞ்சைத் தொடாமல் வனத்துறையினரிடம் சொல்லுங்கள்.

படி 5: கோடையில் சேற்றைக் கவனியுங்கள். தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் ஓரிடத்தில் சேரும். கொக்கும் நாரையும் அங்கே மொய்க்கும். ஜூலைக்குப் பிறகு பெரும்பாலான கூடுகள் காலியாகிவிடும்.

படி 6: குறித்து வையுங்கள். தேதி, நேரம், நீர்மட்டம், இனம், எண்ணிக்கை ஆகியவற்றைப் பறவைக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றுங்கள். ஜனவரி வாக்கில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தெரிந்தவர்களோடு ஒரு நாள் குளம் குளமாகச் சுற்றினால், வாத்துகளைப் பிரித்தறியும் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.