கட்டைவிரலும் மூன்று துண்டு டேப்பும்

முதல் ஆட்டத்தில், பின்களை வீழ்த்த உருட்டும் பௌலிங் பந்து, கையைப் பின்னால் கொண்டுபோகும்போதே கழன்று விழப் பார்க்கும். மூன்றாவது ஆட்டத்திலோ கட்டைவிரலை விடவே விடாது. கட்டைவிரலை நுழைக்கும் துளைதான் சரியில்லை என்று வெகுநாள் பந்தையே திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். உண்மையில் மாறிக்கொண்டிருந்தது என் விரல். வெயில், ஈரப்பதம், ஆடும் நேரம் எல்லாவற்றுக்கும் ஏற்ப அது வீங்கும், சுருங்கும்.

துளை தளர்ந்தால் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். விரல் கணுவை மடக்கி மடக்கி எனக்குக் காய்ப்பே வந்துவிட்டது. அப்புறம்தான் பந்தில் துளையிடுபவரிடம் போனேன். ஸ்பானும், அதாவது கட்டைவிரல் துளைக்கும் மற்ற விரல் துளைகளுக்கும் இடையிலான தூரமும், கொஞ்சம் நீளமாம். பழைய துளையை அடைத்து, விரல் நன்றாக வீங்கியிருக்கும்போது உள்ள அளவுக்குப் புதிதாகத் துளைத்து, விளிம்பையும் மழுக்கிக் கொடுத்தார்.

மீதி டேப்பின் வேலை. துளைக்குள், விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுகிறேன். மூன்று துண்டுகளோடு தொடங்குவேன். விரல் வீங்க வீங்க ஒவ்வொன்றாக உரிப்பேன். இரண்டு ஒட்டும் நாளும் உண்டு, நான்கு ஒட்டும் நாளும் உண்டு. விரலை நேராக வைத்து, இறுக்காமல் கையை ஆட்டினாலும் பந்து நிற்க வேண்டும். அதுதான் என் சோதனை. உரித்த டேப்பைப் பையிலேயே ஒட்டிவைப்பேன், பை பார்க்கச் சகிக்காது.