சரக்கின் இடர் எந்த இடத்தில் கைமாறுகிறது?

ஏற்றுமதி ஒப்பந்தத்தில் விலைக்கு அருகே எழுதும் மூன்றெழுத்துக் குறியுடன், இடத்தின் பெயரையும் ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்ற பதிப்பையும் தவறாமல் குறிப்பிடுங்கள். இன்கோடெர்ம்ஸ் என்பவை பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை வகுத்த 11 விதிகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு மூன்றெழுத்துக் குறி உண்டு. அவற்றில் நீங்கள் தேர்ந்தெடுப்பதுதான், வழியில் சரக்கு சேதமானால் இழப்பு யாருடையது, அதாவது இடர் யாருடையது என்பதை முடிவு செய்கிறது.

பலர் தடுமாறுவது சி.ஐ.எஃப். (சரக்கு விலையுடன் காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்தது) விதியில்தான். தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க் வரையிலான கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவரே செலுத்தினாலும், சரக்கு தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றப்பட்டதுமே இடர் வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. ஆகவே நடுக்கடலில் நேரும் சேதத்துக்கு அவர்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோர வேண்டும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், அந்தக் காப்பீடும் விலையின் 110 விழுக்காட்டுக்கான குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டுமே என்பதால், திருட்டுக்கு அஞ்சும் வாங்குபவர் விரிவான காப்பீட்டை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெற வேண்டும்.

கன்டெய்னர் சரக்குக்கும் எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரை இடர் விற்பவருடையது) என்றே எழுதும் பழைய வழக்கம் இன்னும் ஓயவில்லை. பெட்டியைத் துறைமுக முனையத்தில் ஒப்படைத்த பின், அது கப்பலேறும் வரை, தம் கட்டுப்பாட்டில் இல்லாத சரக்கின் இடரை விற்பவர் சுமக்க நேரிடுகிறது. அதற்குப் பதிலாக எஃப்.சி.ஏ. (போக்குவரத்தாளரிடம் ஒப்படைப்பு) என்று எழுதினால், குறித்த இடத்தில் வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்தாளரிடம் ஒப்படைத்ததும் இடர் மாறிவிடும்.

சரக்கின் உடைமை எப்போது மாறுகிறது என்பதை இவ்விதிகள் சொல்வதில்லை. அதைத் தனிப் பிரிவாக எழுதிக்கொள்ளுங்கள்.