பாசிட்ரோனியம் ஆயுள் குறைந்தால் உடனே துளை சுருங்கியது என்று எழுதிவிடாதீர்கள்

பாலிமரிலோ சிலிக்கா ஜெல்லிலோ உள்ள நுண்துளைகளின் அளவை அறிய, பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஆயுள் அளக்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே இரண்டு எண்களைத் தனித்தனியாகப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று ஆர்த்தோ பாசிட்ரோனியத்தின் (பாசிட்ரானும் எலக்ட்ரானும் சேர்ந்த ஜோடியின் ஒரு வகை) ஆயுள். மற்றது அதன் செறிவு, அதாவது எத்தனை சதவீதப் பாசிட்ரான்கள் அந்த வழியில் போய் அழிந்தன என்பது. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பி நான் ஒரு மாதத்தை வீணாக்கியிருக்கிறேன்.

பாசிட்ரான் பொருளுக்குள் ஓடி வேகம் இழக்கும்போது, தான் வழியில் தட்டிவிட்ட எலக்ட்ரான் ஒன்றையே பிடித்துக்கொண்டு பாசிட்ரோனியம் ஆகலாம். இரண்டின் சுழற்சியும் (ஸ்பின்) எதிரெதிராக இருந்தால் பாரா, 0.125 நானோ நொடியில் கதை முடிந்துவிடும். ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோ, வெற்றிடத்தில் 142 நானோ நொடி தாக்குப்பிடிக்கும். ஒரு பாராவுக்கு மூன்று ஆர்த்தோ என்ற கணக்கில் பிறக்கின்றன. ஆனால் துளைக்குள் மாட்டிய ஆர்த்தோ சுவரில் மோதிக்கொண்டே இருப்பதால், சுவரிலுள்ள வேறொரு எலக்ட்ரானோடு பாசிட்ரான் அழிந்துவிடுகிறது. இதுதான் பிக்-ஆஃப். அதனால்தான் பாலிமர்களில் ஆயுள் சில நானோ நொடிதான், துளை பெரிதானால் நீளும். உலோகத்துக்குள் பாசிட்ரோனியத்தைத் தேட வேண்டாம், அங்கே அது உருவாகாது.

பாசிட்ரான் தரும் சோர்ஸுக்கு, கதிரியக்க சோடியம்-22 கரைசலை மெல்லிய காப்டன் (பாலிஇமைடு) தாளில் சொட்டுவிட்டு உலர்த்தி, இன்னொரு தாளால் மூடி ஒட்டுவது வழக்கம். இதைப் பாதுகாப்பு அலுவலர் அனுமதியோடு செய்யுங்கள், வீட்டுச் சோதனை அல்ல. காப்டனில் பாசிட்ரோனியம் உருவாவதில்லை, அதுதான் அதன் வசதி, ஆனாலும் சுமார் 0.38 நானோ நொடியில் தன் பங்கைக் காட்டும், கழித்துவிடுங்கள். சோர்ஸின் இரு பக்கமும் ஒரே சாம்பிள், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டராவது இருக்கட்டும், மெல்லிய படலம் என்றால் அடுக்குங்கள். பாசிட்ரான் பிறக்கும்போது வரும் 1275 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கடிகாரத்தைத் தொடங்கும், அது அழியும்போது வரும் 511 நிறுத்தும். பத்து லட்சம் எண்ணிக்கைக்குக் குறைந்து மூன்று கூறுகளாக (பாரா, பாசிட்ரோனியம் ஆகாத பாசிட்ரான், ஆர்த்தோ) பிரிக்க முயன்றால் மென்பொருள் ஏதோ ஒரு விடை தரும், நம்பாதீர்கள்.

முதலில் பாலிகார்பனேட் வைத்துப் பாருங்கள். சுமார் 2.1 நானோ நொடி வர வேண்டும். ஆயுளிலிருந்து துளை அளவைத் தரும் டாவோ-எல்ட்ரப் சமன்பாட்டில் போட்டால் துளையின் ஆரம் 0.29 நானோமீட்டர். (துளை ஒரு நானோமீட்டரைத் தாண்டினால் இந்த எளிய சமன்பாடு தடுமாறும், விரிவாக்கிய வடிவம் வேண்டும்.)

சரி, இப்போது உங்கள் சாம்பிளில் எண் மாறிவிட்டது. ஆயுள் அப்படியே இருந்து செறிவு மட்டும் விழுந்தால், பாசிட்ரோனியம் பிறப்பதே குறைந்திருக்கிறது: பாசிட்ரானுக்குக் கிடைக்க வேண்டிய எலக்ட்ரானை வேறு யாரோ முந்திப் பிடித்துக்கொள்கிறார்கள், குளோரின் நிறைந்த பாலிமர்களில் இதைப் பார்க்கலாம். ஆயுளே குறைந்தால் இரண்டு சந்தேகம்: துளை உண்மையிலேயே சிறுத்திருக்கலாம், அல்லது உருவான பாசிட்ரோனியத்தை ஏதோ ஒன்று கெடுக்கிறது, அதாவது குவென்ச்சிங்.

என் சிலிக்கா ஜெல் கதை அப்படித்தான். முதல் வாரம் வெற்றிடத்தில் ஆயுள் வரைபடத்தில் அழகான நீண்ட வால் (நீண்ட ஆயுள் ஆர்த்தோவின் அடையாளம்), மூன்றாம் வாரம் வால் பாதியாகச் சுருங்கியது, செறிவு ஏறக்குறைய அதேதான். ஈரம் ஏறித் துளை நிரம்பிவிட்டது என்று நான்கு பக்கம் எழுதினேன். கடைசியில் பார்த்தால் வால்வில் ரப்பர் வளையம் வெடித்துக் காற்று கசிந்திருந்தது. ஆக்ஸிஜன் மூலக்கூறில் இணையாத எலக்ட்ரான்கள் உண்டு. அவை ஆர்த்தோவைப் பாராவாக மாற்றிவிடும், பாரா உடனே அழியும்.

ஆகவே முதலில் நன்றாகப் பம்ப் செய்து ஒருமுறை, பிறகு காற்றை விட்டு ஒருமுறை, மறுபடி பம்ப் செய்து ஒருமுறை அளந்துவிடுங்கள். ஆயுள் திரும்பி வந்தால் குற்றவாளி வாயுதான். திரும்பாவிட்டால் காமா ஆற்றல் வரைபடத்தில் 511 கோட்டின் அகலத்தைப் பாருங்கள்: ஆர்த்தோ பாராவாக மாறியிருந்தால் கோடு குறுகும், வேதிவினையில் எலக்ட்ரான் பறிபோயிருந்தால் அப்படிக் குறுகாது. அப்புறம், சிலிக்காவுக்கு 50 நானோ நொடி நேரச் சாளரம் (கடிகாரம் காத்திருக்கும் நேரம்) போதாது, சில நூறு நானோ நொடியாவது திறந்து வையுங்கள். குளிரூட்டிய பாலிமர் என்றால் அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள், வெளிச்சம் பட்டால் அங்கே சிக்கிய எலக்ட்ரான்கள் கலைந்து செறிவு மாறும்.