வரைபடத்தில் 11.25, தராசில் 12.58

நான் கணினியில் வடிவமைத்த ஒரு பொருத்துச்சட்டத்தின் எடையை மென்பொருள் 11.25 கிலோ என்று காட்டியது. செய்து முடித்துத் தராசில் வைத்தபோது 12.58 கிலோ இருந்தது. தூக்குகருவியைத் தேர்ந்தெடுக்க அந்த எண்ணையே நம்பியிருந்ததால், காரணத்தைக் கண்டறியாமல் விட என் மனம் ஒப்பவில்லை.

ஒவ்வொரு பாகத்தின் கன அளவையும் எடையையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். 200×100×10 மி.மீ. எஃகுத் தகடு ஒன்றின் எடை 1.57 கிலோவாக இருக்க வேண்டும், அங்கே 0.2 கிலோ என்றே இருந்தது. அதற்கு நான் உலோகத்தைக் குறிப்பிடாததால், எஃகின் 7850-க்குப் பதிலாக, நீரின் அடர்த்தியான கன மீட்டருக்கு 1000 கிலோவையே மென்பொருள் எடுத்துக்கொண்டிருந்தது.

அதைத் திருத்தியதும் 12.62 கிலோ வந்தது. மிகுந்த 40 கிராம்தான் என்னை ஒரு முழு மாலை அலைக்கழித்தது. பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவுகின்றனவா என்று சோதித்தபோது, 20 மி.மீ. விட்டமுள்ள எஃகு முளை ஒன்று, துளையே இடப்படாத எஃகுக் கட்டைக்குள் 16 மி.மீ. ஆழம் புதைந்திருப்பது தெரிந்தது. அந்த இடத்து எஃகு இருமுறை கணக்கிடப்பட்டிருந்தது. எடையைக் கையால் பதித்துச் சரிக்கட்டும் வசதி உண்டெனினும், அது ஈர்ப்பு மையத்தின் பிழையை மறைத்துவிடும் என்பதால் நான் அதை நாடவில்லை. துளையை வரைந்தேன், எடை 12.58 ஆயிற்று.