முன் பிறேக் லீவர் இறுகினால்: பிழை எங்கே என்று பிடிக்கும் வழி

முன் பிறேக்கை இழுத்தால் விரல் நோகிறது, விட்டால் லீவர் சோம்பலாகத் திரும்பி வருகிறது. உடனே ஒயில் கானை எடுத்துக் கண்ட ஓட்டைக்கெல்லாம் விடுவதுதான் நம்மில் பலருடைய முதல் வைத்தியம். ட்ரம் பிறேக்கில் அது சிலவேளை பலிக்கும். டிஸ்க் பிறேக்கில் அது புது வருத்தம். லீவருக்கும் சில்லுக்கும் இடையில் இறுகக்கூடிய இடங்கள் நாலைந்துதான். ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு லீவரை இழுத்துப் பார்த்தால், பிழை எந்தத் துண்டில் இருக்கிறதென்று அதுவே சொல்லிவிடும்.

வன்னியில் இந்தப் பிழை வராமல் இருந்தால்தான் அதிசயம். கோடையில் கிரவல் வீதிச் செம்புழுதி, மாரியில் வீதியை மூடிப் பாயும் வெள்ளம், முல்லைத்தீவுக் கரையில் உப்புக்காற்று. இவற்றோடு இன்னொன்று: "முன் பிறேக் பிடிச்சா தூக்கி எறிஞ்சுபோடும்" என்று அதைத் தொடாமலே ஓடுகிறவர்கள் நிறையப்பேர். அசையாத இரும்பு துருப்பிடிக்கும்.

தேவையானவை: 8, 10, 12, 14 நம்பர் சாவிகள், சில்லு அச்சு நட்டுக்குரிய சாவி, குறடு, ஸ்குறூ ட்றைவர், எமரி பேப்பர், தையல் மெசின் ஒயில், கிறீஸ், பழந்துணி. டிஸ்க் என்றால் சீல் உடைக்காத பிறேக் ஒயில் ஒரு போத்தல், சிலிக்கன் கிறீஸ், உட்பக்கம் தெரியும் மெல்லிய குழாய் அரை மீற்றர்.

பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் விட்டு, எஞ்சினுக்குக் கீழே மரக்குற்றி கொடுத்து முன் சில்லை நிலத்திலிருந்து தூக்குங்கள். ஸ்டாண்ட் மண்ணில் புதையும். அடியில் பலகை வையுங்கள்.

ட்ரம் பிறேக் (கேபிள் உள்ளது)

படி 1. சில்லுப் பக்கத்தில் கேபிள் நுனியிலுள்ள நட்டைக் கழற்றி, கேபிளைப் பிறேக் கையிலிருந்து (ட்ரமுக்கு வெளியே கேபிள் இழுக்கும் இரும்புக் கை) விடுவியுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி வையுங்கள். ஸ்பிறிங்கும் சின்ன உருளையும் விழுந்து மண்ணுக்குள் போகும், கீழே ஒரு தட்டு வையுங்கள். இப்போது லீவரை இழுங்கள். இலேசாக வந்தால் பிழை ட்ரமுக்குள். நேரே படி 4. இன்னும் பாரமென்றால் கேபிளிலோ லீவரிலோ.

படி 2. ஹேண்டில் பக்க நட்டுகளின் வெட்டுகளை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து கேபிள் தலையை லீவரிலிருந்து எடுங்கள். வெறும் லீவர் தன் பாரத்திலேயே ஆட வேண்டும். ஆடாவிட்டால் அதன் போல்ட்டைக் கழற்றித் துருவை எமரியால் தேய்த்து, கிறீஸ் பூசிப் போடுங்கள். மேலேயுள்ள போல்ட் லீவரை நசுக்காத அளவுக்குத்தான் இறுக வேண்டும். இறுக்கிப் பிடிப்பது கீழ் நட்டின் வேலை. பைக் விழுந்து லீவர் தாங்கி நெளிந்திருந்தால் எவ்வளவு கிறீஸ் போட்டாலும் உரசும். அதை மாற்றுவதுதான் வழி.

படி 3. கேபிளின் உட்கம்பியை இரு முனையிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒரு இழை அறுந்து பிசிறு எழும்பியிருந்தாலும் புதுக் கேபிள் போடுங்கள். நல்ல கம்பி என்றால், சொப்பிங் பையின் ஒரு மூலையில் சின்ன ஓட்டை போட்டு, கேபிளின் மேல் முனையை அதற்குள் விட்டு நூலால் இறுகக் கட்டுங்கள். பைக்குள் ஒரு தேக்கரண்டி தையல் மெசின் ஒயில் விட்டு, கேபிளை நேராகத் தொங்கவிடுங்கள். இடைக்கிடை கம்பியை மேலும் கீழும் அசையுங்கள். கீழ் முனையால் முதலில் செம்மண் நிறத்தில் வடியும்; தெளிந்த ஒயில் வரும்வரை விடுங்கள். ஒரு இரவு பிடிக்கலாம். கிறீஸை உள்ளே திணிக்க வேண்டாம், புழுதியோடு சேர்ந்து களியாகிவிடும். உள்ளே நைலோன் குழாய் உள்ள கேபிளுக்குச் சில துளியே போதும்.

பூட்டும்போது கேபிள் போகும் பாதையைப் பாருங்கள். ஹேண்டிலை இடம் வலம் முழுதாகத் திருப்பினாலும் எங்கும் மடியவோ இழுபடவோ கூடாது. புதுக் கேபிள் போட்டும் இறுக்கம் போகவில்லை என்று சொல்லும் பல பைக்குகளில் பிழை இந்த மடிப்பில்தான்.

படி 4. சில்லைக் கழற்றி பிறேக் தட்டை வெளியே எடுங்கள். உள்ளேயுள்ள தூசியை ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் (ட்ரமின் உட்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டுகள்) அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். ஷூவை விரிக்கும் கேம் தண்டு தட்டுக்குள் துருவேறி இறுகியிருக்கும். கைக்கும் தண்டுக்கும் நேராக ஆணியால் ஒரு அடையாளம் கீறிவிட்டுக் கையைக் கழற்றி, தண்டை எடுத்து எமரியால் தேயுங்கள். தண்டில் மெல்லிய கிறீஸ். ஷூவைத் தொடும் முகத்தில் விரல்நுனியால் தடவிய அளவு. கூடினால் ஷூவில் ஊறி பிறேக்கே இல்லாமல் போகும்.

ஷூவின் தேய்மானத் துண்டு 2 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். ஷூ தேயத் தேய கேம் அதிகம் திரும்ப வேண்டும். பிறேக் பிடித்த நிலையில் கைக்கும் கேபிளுக்கும் இடையில் ஏறக்குறைய 90 பாகை இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு இழுத்தாலும் பலம் சேராது. ஷூக் காசை மிச்சம்பிடிக்கக் கையை ஒரு பல் தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். கேம் எல்லை கடந்து திரும்பினால் சில்லு ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

திரும்பப் பூட்டும்போது பிறேக் தட்டின் வெட்டு முன் போர்க்கிலுள்ள முட்டுக்குள் சரியாக இருக்க வேண்டும். மறந்தால் முதல் பிறேக்கிலேயே தட்டு சில்லோடு சுற்றும். அச்சு நட்டை இறுக்கும் நேரத்தில் லீவரை இழுத்துப் பிடியுங்கள், ஷூக்கள் நடுவில் வந்து அமரும். கடைசியில் லீவர் நுனியில் சுமார் 20 மி.மீ. வெற்றாட்டம் (பிறேக் பிடிக்கத் தொடங்குமுன் லீவர் சும்மா அசையும் தூரம்) வைத்து நட்டைச் சரிசெய்யுங்கள். உங்கள் பைக்கின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

டிஸ்க் பிறேக்

இங்கே கேபிள் இல்லை. லீவர் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது, ஒயில் அந்த அமுக்கத்தைச் சில்லிலுள்ள டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பருக்குக் கொண்டுபோகிறது. லீவரைக் கழற்றி, போல்ட்டையும் பிஸ்டனைத் தொடும் நுனியையும் துடைத்து சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். பிஸ்டன் வாயிலுள்ள றப்பர் மூடிக்குள் செம்மண் அடைந்திருக்கும், துடைத்தெடுங்கள். பாதி பைக்குகளுக்கு இதோடு சரி.

லீவர் கல்லுப்போல் இறுகி, சில்லும் சுற்ற மறுத்தால், அமுக்கம் எங்கோ சிறைப்பட்டிருக்கிறது. தேடும் ஒழுங்கு இதுதான். லீவரைக் கழற்றியதும் சில்லு சுற்றினால், லீவர்தான் பிஸ்டனை முழுதாகத் திரும்பவிடாமல் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. இல்லையென்றால், துணியைச் சுற்றிக்கொண்டு மேல் சிலிண்டரில் (லீவர் தள்ளும் பிஸ்டன் இருக்கும் பகுதி) குழாய் சேரும் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். சில்லு விடுபட்டால் பிழை மேல் சிலிண்டரில். விடுபடாவிட்டால் அதை இறுக்கிவிட்டு, கலிப்பரிலுள்ள காற்று நிப்பிளைத் தளர்த்துங்கள். இப்போது விடுபட்டால் குழாய் உள்ளே வீங்கி அடைத்துள்ளது, மாற்றுங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் கலிப்பர் பிஸ்டனோ, கலிப்பர் நகரும் ஊசிகளோ துருவில் பிடித்துள்ளன. தளர்த்திய போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர்கள் போடுங்கள். பிறேக் ஒயில் பெயின்றைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

மேல் சிலிண்டர் என்றால் ஒயில் தொட்டியின் அடியைப் பாருங்கள். இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று ஊசிமுனை அளவு. ஒயில் திரும்பி வரும் வழி அதுதான். பழைய ஒயிலின் கசடு அதை அடைத்தால், சூட்டில் விரியும் ஒயிலுக்குப் போக இடமில்லை, பிறேக் தானாகப் பிடிக்கும். மெல்லிய தங்கூசி நூல் ஒரு துண்டால் குத்தித் திறக்கலாம். கம்பியால் கிண்டினால் உள்ளேயுள்ள றப்பரைக் கீறிவிடும்.

தொட்டி மூடியின் கீழ் றப்பர் வீங்கி நெளிந்து, திரும்ப வைக்கும்போது அமராமல் நிற்கிறதா? யாரோ எஞ்சின் ஒயில் விட்டிருக்கிறார்கள். உள்ளேயுள்ள சீல்களும் அதேபோல வீங்கிவிட்டன. ஒயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. மேல் சிலிண்டர் கிற், கலிப்பர் சீல், குழாய் மூன்றும் புதிது வேண்டும். இதே காரணத்தால் மண்ணெண்ணெய், பெற்றோல், சாதாரண கிறீஸ் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. உட்பாகங்களைப் பிறேக் ஒயிலாலேயே கழுவுங்கள், ஊசிகளுக்குச் சிலிக்கன் கிறீஸ்.

தொட்டி மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று ஒயிலின் வகை எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஆகவே 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த போத்தலைத் தொடாதீர்கள். தளர்த்தும்போது உள்ளே புகுந்த காற்றை எடுக்க: நிப்பிளில் குழாயை மாட்டி மறுமுனையை ஒயிலுள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். லீவரைச் சிலதடவை அமுக்கிப் பிடி, நிப்பிளைத் திற, பூட்டு, பிறகு லீவரை விடு. குமிழி நிற்கும்வரை இதே ஒழுங்கு. தொட்டி வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

லீவர் கடினம், ஆனால் சில்லு தாராளமாகச் சுற்றுகிறது, பைக் மட்டும் நிற்கவில்லை என்றால் பிறேக் பாட்களை (கலிப்பருக்குள் டிஸ்க்கை அழுத்தும் துண்டுகள்) பாருங்கள். கண்ணாடிபோல் மினுங்கினால் எமரியில் தேய்த்துப் பார்க்கலாம். ஒயில் ஊறியிருந்தால் எறியுங்கள்.

வேலை முடிந்ததும் லீவரைப் பலதடவை அமுக்கி இறுக்கம் வந்தபிறகே பைக்கை எடுங்கள். ஆளில்லாத வீதியில் மெதுவாக ஓடி இரண்டு மூன்று தடவை பிடித்துப் பாருங்கள். பிறகு முன் பிறேக்கைத் தொடாமல் இரண்டு கிலோமீற்றர் போய், பின் பிறேக்கால் நிறுத்தி, முன் டிஸ்க்கில் அல்லது ட்ரமில் சில துளி தண்ணீர் தெளியுங்கள். விரலை வைக்காதீர்கள். தண்ணீர் சுர்ரென்று பொங்கினால் பிறேக் இன்னும் விடவில்லை; தேடும் வேலையை முதற்படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.