மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசை: சடங்குக்கும் உம்ராவுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசிச் சடங்கு, மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம், பாண்டிருப்புத் தீமிதிப்பு, காத்தான்குடியிலிருந்து உம்ராப் பயணம் என்று நாள் நெருங்கும்போது பெண்கள் பார்மசியில் கேட்டு வாங்குவது நோர்எதிஸ்டெரோன் 5 மில்லிகிராம் குளிசையை. நல்ல மருந்துதான். ஆனால் வைத்தியரின் துண்டு இல்லாமல், பக்கத்து வீட்டக்கா சொன்ன கணக்கில் போடும்போதுதான் பிழையாகிறது.

கருப்பையின் உட்சவ்வை உதிராமல் வைத்திருப்பது புரொஜெஸ்டரோன் ஹோர்மோன். அது குறைந்ததும் சவ்வு உதிர்ந்து இரத்தம் போகிறது. குறையும் நேரத்தில் அதன் வேலையை இந்தக் குளிசை செய்கிறது. உதிரத் தொடங்கிய சவ்வை இதனால் நிறுத்திவைக்க முடியாது. அதனால் மாதவிடாய் வரவேண்டிய திகதிக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். "அடிவயிறு நோகுது, இனிப் போடுவம்" என்று தொடங்குவது பிந்திய தொடக்கம். திகதி ஒழுங்கில்லாமல் வருபவர்கள் இந்தக் கணக்கை நம்பவே கூடாது, முந்திய மாதமே கிளினிக்கில் கேட்க வேண்டும்.

வழமையான அளவு ஒருவேளைக்கு ஒன்றாக நாளுக்கு 3 வேளை. குடித்து ஏறக்குறைய 8 மணித்தியாலத்தில் இரத்தத்திலுள்ள மருந்து பாதியாகிவிடும். காலை 6, பகல் 2, இரவு 10 என்று போடச் சொல்வது அதனால்தான். மூன்றையும் காலையில் சேர்த்து விழுங்குவதும், விரதம் என்று பகல் குளிசையை விடுவதும் இடையில் இரத்தம் கசிய வழிவிடும். நோன்பு வைப்பவர்கள் குளிசைநேரத்தை வைத்தியரிடம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

பாண்டிருப்புத் திருவிழா 18 நாள். முழுக்கத் தள்ளிப்போட்டால், முந்திய 3 நாளும் சேர 21 நாள் குளிசை. இரண்டு வாரத்துக்கு மேல் போவதாக இருந்தால் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். திருவிழாவின் கடைசியில் வரும் தீமிதிப்பு நாள் மட்டுமே முக்கியம் என்பவருக்கு முதல் வாரத்தில் மாதவிடாய் வர இருந்தால் வரவிடலாம். தீமிதிப்புக்குள் முடிந்துவிடும், குளிசையே தேவைப்படாது.

பலர் அறியாதது இது: நோர்எதிஸ்டெரோனில் ஒரு சிறு பங்கு உடலில் எத்தினைல் ஈஸ்ட்ரடியோல் என்ற ஈஸ்ட்ரஜன் வகை ஹோர்மோனாக மாறுகிறது. அது இரத்தம் உறைவதைக் கூட்டும். காலிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தம் உறைந்தவர்கள், பாரிசவாதம், மாரடைப்பு, மார்புப் புற்றுநோய், ஈரல் நோய் உள்ளவர்கள், கண்ணில் ஒளிக்கோடு தெரிந்து ஒற்றைத் தலையிடி வருபவர்கள் இதைத் தாமாக வாங்கவே கூடாது. ஜித்தாவுக்குப் பறக்கும்போது மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதும் ஆபத்தைக் கூட்டுகிறது. இடையிடையே எழுந்து நடவுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், பேச்சுக் குழறினால் குளிசையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்படிப் போடும்போது இது கருத்தடையாகாது. வேறு பாதுகாப்பு வேண்டும். ஏற்கெனவே 28 குளிசை அட்டையில் கூட்டுக் கருத்தடைக் குளிசை போடுபவருக்கு நோர்எதிஸ்டெரோன் தேவையேயில்லை: 21 ஹோர்மோன் குளிசை முடிந்ததும் 7 இரும்புச்சத்துக் குளிசையை விட்டுவிட்டு மறுநாளே புது அட்டையைத் தொடங்கினால் போதும். வலிப்புக்குக் கார்பமசெப்பின், பெனிட்டோயின், காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இந்த ஹோர்மோன்களின் பலன் குறையும். அதைச் சொல்லாமல் மருந்து கேட்காதீர்கள்.

45 தாண்டியவர்கள் அதிக இரத்தப்போக்கை நிறுத்த இதே குளிசையை மாதாமாதம் வாங்குவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. இரத்தம் நிற்கும், காரணம் உள்ளேயே வளரும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு துளி பட்டாலும் முதலில் ஸ்கான், பிறகுதான் மருந்து.

கடைசிக் குளிசையைச் சடங்கு முடிந்த பின்பே நிறுத்துங்கள். பொதுவாக 2, 3 நாளில் மாதவிடாய் வரும். 7 நாளாகியும் வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள்.